என்னை மட்டும் ஏசாத வீடு

மலேசியாவின் கிள்ளானில் என்னைக் கொண்டுபோய் விட்ட வீட்டில் எல்லோருக்கும் ஏச்சு விழும். ஆன்டியின் மகனுக்குக் காலையில் கண் விழிக்கும் முன்பே விழும். லோரி ஓட்டும் அங்கிளுக்கு வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது விழும். குப்பையைக் கிளறும் பூனை, வாசலை மறித்துக் காரை நிறுத்தும் எதிர்வீட்டுக்காரர், தொலைக்காட்சித் தொடரில் மருமகளைப் படுத்தும் மாமியார் என்று அவரவர் பங்கு அவரவருக்கு நேரம் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் ஒன்றுமே கிடைக்கவில்லை. பதினாறு வயதுப் பையன் பொறாமைப்பட உலகத்தில் எத்தனையோ நல்ல விஷயங்கள் இருக்கின்றன. நான் பொறாமைப்பட்டது இதற்கு.

நான் இலங்கையிலிருந்து தனியாக வந்தவன். சரியாகச் சொன்னால் ஒரு மாமாவுடன் வந்தேன். அவர் எனக்கு எந்த வழியிலும் மாமா இல்லை, ஏஜென்ட் ஏற்பாடு செய்து கொடுத்த மாமா. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடை வாசலில் என்னை நிற்க வைத்துவிட்டு, சிம் கார்டு வாங்கி வருகிறேன் என்று போனார். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். கடை மூடும் நேரமாகியும் நான் நகராமல் நிற்பதைப் பார்த்த கடைக்காரர், ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்த ஒரு பாய், உள்ளே கூப்பிட்டு சூப் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு அவரே விசாரித்து, என்னைப் போலத் தனியாக வந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊரை விட்டு ஏன் வந்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா நன்றாக ஏசுவார். அவர் அடுக்களையில் ஆரம்பித்தால் கிணற்றடியில் நிற்கிற எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு சித்தி வீட்டில் வளர்ந்தேன். சித்தி நல்லவர், பிரச்சினையே அதுதான். தாயில்லாப் பிள்ளை, தாயில்லாப் பிள்ளை என்று ஊரே அவர் காதில் ஓதியதால், தம் பிள்ளைகளின் முதுகில் இரண்டு வைக்கிற அதே கையால் என் தலையைத் தடவிவிடுவார். நானும் அவர்களும் சேர்ந்துதான் மாங்காய் திருடியிருப்போம். அவர்களுக்கு அடி, எனக்குத் தடவல். அவர் தடவத் தடவ, நான் அந்த வீட்டில் விருந்தாளி என்பது எனக்கு உறைத்துக்கொண்டே வந்தது.

கிள்ளான் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. காரிலிருந்து இறங்கும்போதே ஆன்டியின் குரல் கேட்டது. "டேய், வீட்டுக்கு ஆள் வராங்கன்னு தெரியும்ல? சட்டைய போட்டுக்கிட்டு வாடா, தடிமாடு!" என்று மகனை உள்ளே விரட்டிக்கொண்டிருந்தார். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் வேறு ஆளாகிவிட்டார். "வாப்பா. வா தம்பி. பசியாறிட்டியாப்பா? தண்ணி கலக்கவா?" என்றார். தேநீரோ மைலோவோ கலக்குவதை அங்கே தண்ணி கலக்குவது என்பார்கள். குரலில் அத்தனை இனிப்பு. மைலோவிலும் அப்படித்தான்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளை வீட்டில் ஏற்றுக்கொள்ளும் குடும்பங்களுக்கு அந்த அமைப்பு ஒரு பயிற்சி வைத்திருந்தது. ஹோட்டலில் நடந்தது, மதியச் சாப்பாடும் உண்டு. இந்தப் பிள்ளைகளிடம் குரலை உயர்த்தக் கூடாது, எதையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பழைய கதையைக் கிளறக் கூடாது, எதற்கும் இரண்டு மூன்று வழிகளைச் சொல்லி அவர்களையே தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். ஆன்டி அதைக் கோயிலில் நேர்ந்துகொண்டு வந்தது போல வீட்டுக்குக் கொண்டுவந்தார். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர் மகன். என்னைவிட ஒரு வயது பெரியவன். என்மேல் அவனுக்கு இருந்த ஒரே கோபமும் இதுதான்.

"உனக்காக எங்கம்மா வாய்க்குப் பூட்டு போட்டிருக்குடா," என்றான். "அடக்கி வைக்கறதெல்லாம் எங்க போவும்? உன் பங்கையும் சேத்து எனக்குத்தான் விழுது. கொஞ்சமாச்சும் நியாயமா இருக்கா?"

நியாயமாக இல்லைதான். அந்தப் பங்கை அவனிடமிருந்து எப்படி வாங்கிக்கொள்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஒரே மூச்சில் அவர் குரல் மாறுவதைக் கேட்க வேண்டும். "எத்தன தடவடா சொல்றது, தட்ட கழுவி வைன்னு, மண்டையில என்ன களிமண்ணா?" என்று மகன் பக்கம் போகிற குரல், அப்படியே திரும்பி, "தம்பி, நீ வச்சிட்டுப் போப்பா, ஆன்டி கழுவிக்கிறேன்" என்று என் பக்கம் வரும். அதே மேசை, அதே மீன் முள், இரண்டு தட்டு. பிறகு அந்தத் தேர்வுகள் வேறு. "மைலோவா, தேத்தண்ணியாப்பா? ஃபேன ரெண்டுல வைக்கவா, மூணுல வைக்கவா? நீலத் துண்டா, பச்சத் துண்டா?" நான் எல்லாவற்றுக்கும் "எது எண்டாலும் பரவாயில்ல ஆன்டி" என்பேன். அவர் முகத்தில் ஒரு வாட்டம் வந்து போகும். ஆனால் பயிற்சியில் சொன்னபடி, "நல்லதுப்பா" என்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பதினாறு வயதுக்கு என்ன முடியுமோ அதையெல்லாம் செய்து பார்த்தேன். ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டேன். விளக்கையும் மின்விசிறியையும் ஓட விட்டுவிட்டு வெளியே போனேன். பிரிக்ஃபீல்ட்ஸில் அமைப்பு நடத்திய வகுப்புக்குத் தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருவேன். ஒருநாள் வேண்டுமென்றே மூன்று ரயிலைத் தவறவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் தாமதமாக வந்தேன். ஆன்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் தாடை இறுகுவதைப் பார்த்தேன். இதோ வரப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "வந்துட்டியாப்பா," என்றார். "பரவாயில்ல. கை கால கழுவு." ஒருமுறை கண்ணாடிக் குவளை ஒன்றைப் பாதி தவறியும் பாதி தெரிந்தும் கீழே விட்டேன். "கண்ணாடிதானேப்பா. கால்ல குத்திச்சா?" என்று விளக்குமாற்றோடு வந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் அதைக் கண்டுபிடித்தேன். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவர், அங்கே யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். "கண்ண எங்க வச்சிருக்க? ஈரத் துண்ட மெத்தையில போடுவியா? கரண்டு என்ன சும்மா வருதா? ஊரு பேரு தெரியாத எடத்துல நேரத்துக்கு வீடு வந்து சேர வேணாம்? மனுசன் எவ்வளவு நேரம்தான் வாசல்லயே நிக்கறது?" எட்டிப் பார்த்தேன். வாஷிங் மெஷினின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மெஷின் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வர வேண்டியதையெல்லாம் அது வாங்கிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டேன். அதன்பிறகு அவர் துணி போடப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

மாதத்துக்கு ஒருமுறை அமைப்பிலிருந்து ஓர் அக்கா வருவார். என் மனநலத்தை விசாரிப்பது அவர் வேலை. இளம் வயது, மென்மையான குரல், யாரையும் புண்படுத்திவிடக் கூடாதே என்று சோபாவின் ஓரத்தில்தான் உட்காருவார். அழுகிற முகம் தொடங்கி வாய் நிறையச் சிரிக்கிற முகம் வரை வரிசையாக முகங்கள் வரைந்த ஓர் அட்டையை நீட்டி, இந்த மாதம் நீ எது என்று கேட்பார். நான் நடுவில் இருக்கிற முகத்தைத் தொடுவேன். அதற்கு வாய் ஒரு நேர்கோடு. யாருக்கும் தொந்தரவு தராத முகம். உனக்கு மீள்திறன் அதிகம் என்று அக்கா பாராட்டுவார். எனக்கு அது என்னவென்று புரியவில்லை. ரத்த வகை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து, அகதி அட்டையோடு சேர்த்து ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன்.

இப்போது நான் வளர்ந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறேன். அந்த அமைப்பு சில நேரம் புதிதாக வந்த பிள்ளைகளிடம் பேச என்னைக் கூப்பிடும். அவர்களும் எல்லோரும் நடு முகத்தைத்தான் தொடுகிறார்கள். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிள்ளானில் இருந்த அந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பக்கத்து ஊரான மேருவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மறுநாள் வகுப்பில் பரீட்சை இருந்ததால் நான் வீட்டில் இருந்தேன். படிப்பு ஓடவில்லை. சாப்பாடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, பதிலுக்கு ஏதாவது உதவி செய்வோம் என்று அடுக்களைக்குள் போனேன். எல்லாம் துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது, ஒன்றைத் தவிர. தோசைக்கல் மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது. சித்தி வீட்டில் பாத்திரம் என்றால் முகம் தெரிய வேண்டும். பாவம், ஆன்டிக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கம்பி நாரையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிற்பகல் முழுக்கத் தேய்த்தேன். கை எரிந்தது. கடைசியில் கல் வெள்ளி போல மின்னியது. அடுப்புமேல் சாய்த்து வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று ரசித்தேன்.

ஆன்டி பட்டுச் சேலையோடு அடுக்களைக்குள் வந்தார். விளக்கைப் போட்டார். கல்லைத் தூக்கிப் பார்த்தார்.

"எவன்டா இந்தக் கல்ல தொட்டது?"

"நான்தான் ஆன்டி," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"கூறுகெட்டவனே!"

சமையல் தெரிந்தவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோசைக்கல் பல வருடம் எண்ணெய் குடித்துக் குடித்துத்தான் மாவு ஒட்டாத பதத்துக்கு வரும். அந்தக் கறுப்புதான் அதன் உயிர். அதை நான் ஒரே பிற்பகலில் உரித்து எடுத்திருந்தேன்.

"யார்டா உன்ன கேட்டா? கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உனக்கு? நான் கல்யாணம் கட்டி வந்ததிலருந்து பழக்கின கல்லுடா! இனிமே மாவ ஊத்தினா பேத்துக்கிட்டுத்தான் வரும். உன் மண்டைய கவுத்துப் போட்டா நான் தோச சுடுறது? படிடான்னு விட்டுட்டுப் போனா இங்க வந்து கல்லத் தேய்க்கிறான்! ஈரத் துண்டு மெத்தையில, ஃபேனு யாருக்கோ சுத்துது, ரயில வுட்டுட்டு ராத்திரியில வரான், கேட்டா எது எண்டாலும் பரவாயில்ல, எது எண்டாலும் பரவாயில்ல..."

வாஷிங் மெஷினுக்குப் போனதெல்லாம் திரும்பி என்னிடமே வந்தது. நான் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. எட்டு வருடமாக எனக்குள் எங்கோ மடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

"ம்மா," என்றான் மகன் கதவருகில் நின்று. "அவன் சிரிக்கிறான், பாரு."

"என்னடா இளிப்பு?" என்று ஆரம்பித்தவருக்கு அப்போதுதான் பயிற்சி ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. அங்கிள் மட்டும் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார். "பூட்டு ஒடஞ்சிருச்சு தம்பி. இனிமே மூடாது. தயாரா இருந்துக்க."

அங்கிள் சொன்னது பலித்தது. அடுத்த நாள் பிய்ந்துபோன தோசையோடு எனக்குத் தனியாக ஏச்சு விழுந்தது. அதற்கடுத்த நாள் துண்டுக்கு. பிறகு எனக்கும் மகனுக்கும் சேர்த்து விழ ஆரம்பித்தது, "ரெண்டு தடிமாடும்" என்று. எனக்குப் பசி எடுத்தது. தலையணையில் தலை வைத்ததும் தூங்கிப்போனேன். வகுப்பில் இருந்த மற்றப் பையன்களும் என்னைப் போலத் தனியாக வந்தவர்கள்தான். அவர்களிடம், நேற்று எங்கள் வீட்டில் எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா என்று பெருமையடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மியன்மார்ப் பையன் மலாயில், "உனக்கு மட்டுமா, சத்தம் போட்டா?" என்று கேட்டான். அவன் கண்ணில் பொறாமையைப் பார்த்தேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த பொறாமை.

அந்த மாதம் அக்கா வந்து அட்டையை நீட்டியபோது, யோசிக்காமல் கடைசியில் இருந்த, வாய் நிறையச் சிரிக்கிற முகத்தில் விரலை வைத்தேன். அக்காவுக்கு ஆச்சரியம். "என்னப்பா விசேஷம்?" என்றார்.

"ஆன்டி இப்ப ஒவ்வொரு நாளும் என்னை ஏசுறா அக்கா!"

அக்காவின் புன்னகை அப்படியே நின்றுவிட்டது. எப்படி ஏசுவார்கள் என்று மெல்லக் கேட்டார். கேட்டாரே என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழுந்து நின்று நடித்தே காட்டினேன். இடுப்பில் கை வைத்து, கூறுகெட்டவனே, தடிமாடே, மண்டையில் களிமண்ணா என்று ஆன்டியின் குரலிலேயே ஒரு சுற்றுப் போனேன். தலையைக் கவிழ்த்துத் தோசை சுடுவதையும் விடவில்லை. அப்போது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். நல்லா இருந்தது என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிள்ளை பயத்தை மறைக்கச் சிரிக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் படித்த படிப்பில் ஏச்சு வாங்கிச் சந்தோஷப்படுகிற பிள்ளை வந்திருக்காது.

சில நாள் கழித்து ஆன்டிக்குத் தொலைபேசி வந்தது. "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் யாரிடமும் இத்தனை சரி சொல்லி நான் கேட்டதில்லை. தொலைபேசியை வைத்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி," என்றார். "தண்ணி கலக்கவாப்பா?"

அந்தப் பழைய இனிப்புக் குரல்.

விஷயத்தை மகன்தான் உடைத்தான். அமைப்பு என்னை ரவாங் என்ற ஊரில் வேறு வீட்டுக்கு மாற்றப் போகிறது. சனிக்கிழமை வந்து பேசுவார்கள். "ஏன்டா போட்டுக்குடுத்த?" என்று என் சட்டையைப் பிடித்தான்.

"நான் போட்டுக்குடுக்கேல்ல. சந்தோசமாத்தான் சொன்னனான்."

"இதப் போயி எவனாவது சந்தோசமா சொல்லுவானா? அம்மா பின்னாடி போயி அழுவுதுடா."

ஆன்டியிடம் போனேன். "நான் உங்களைப் பற்றி முறைப்பாடு ஒண்டும் செய்யேல்ல ஆன்டி," என்றேன். "பரவாயில்லப்பா. நீ உள்ளதத்தான் சொன்ன. தப்பில்ல," என்றார். ஏசியது பிடித்திருந்தது, அதனால் ஊரெல்லாம் சொன்னேன் என்பதை ஒரு பையன் எப்படிச் சொல்வான்? மெத்தையில் ஈரத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். அது மடிக்கப்பட்டுக் கொடியில் தொங்கியது. பின்கட்டில் போய் நின்று பார்த்தேன். வாஷிங் மெஷினுக்குக்கூட அந்த வாரம் ஏச்சு விழவில்லை. சனிக்கிழமை நான் இந்த வீட்டை விட்டுப் போய்விடுவேன், அதுவரைக்கும் இந்த வீடு என்னோடு பேசப் போவதில்லை என்று தோன்றியது.

சனிக்கிழமை அக்காவோடு அவருடைய மேலதிகாரியும் வந்தார். நரைத்த முடி, பருத்திச் சேலை, அதிகம் பேசாதவர். ஆன்டி கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர் போல நாற்காலி நுனியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் தேநீரும் கறிபாப் பலகாரமும் இருந்தன. யாரும் தொடவில்லை. அக்கா கைப்பேசியில் ரவாங் வீட்டின் படத்தைக் காட்டினார். ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி, பிள்ளைகள் இல்லை, பெரிய மீன் தொட்டி. "ரொம்ப அமைதியான வீடுப்பா. யாருமே சத்தம் போட மாட்டாங்க," என்றார். மீன்களும் அப்படித்தான் தெரிந்தன.

"பயப்படாம சொல்லு," என்றார் மேலதிகாரி. "உனக்கு எங்க இருக்க விருப்பம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆன்டி மட்டும் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அங்கே எப்போதும் தயாராக இருக்கும் பதில்தான் வந்தது.

"எங்க எண்டாலும் பரவாயில்ல."

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். சித்தியிடம், ஏஜென்டிடம், அந்த மாமாவிடம், விசாரித்த எல்லோரிடமும். இப்படிச் சொல்கிற பிள்ளையை யாருக்கும் பிடிக்கும். தூக்கிப் போக வசதி. வேண்டும் என்று சொன்னால்தான் இல்லை என்ற பதில் வரும். அம்மா வேண்டும் என்று எட்டு வயதில் சொல்லிப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு எதையும் வேண்டும் என்று சொன்னதில்லை.

ஆன்டி எழுந்தார்.

"எங்க எண்டாலும் பரவாயில்லியா?" என்றார் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை. "எங்க எண்டாலும் பரவாயில்லனா இது என்னடா, பஸ் ஸ்டாப்பா? இங்க நின்னாலும் சரி, அடுத்ததுல நின்னாலும் சரியா? ஒனக்குன்னு ஒன்னு வேணும்னு சொல்ல வாய் இல்லியா ஒனக்கு? மைலோவா தேத்தண்ணியா, பரவாயில்ல. நீலமா பச்சையா, பரவாயில்ல. நான் என்ன ஜோசியமா பாக்கறது, ஒனக்கு என்ன புடிக்கும்னு?"

"ஆன்டி, கொஞ்சம் அமைதியா..." என்றார் அக்கா.

"நீங்க தண்ணியக் குடிங்கம்மா, ஆறிப்போவுது." மீண்டும் என் பக்கம் திரும்பினார். "போறதுன்னா போறேன்னு சொல்லு! இருக்கறதுன்னா இருக்கேன்னு சொல்லு! ரெண்டுல ஒன்னு சொல்லித் தொலைடா!"

"போகமாட்டன்," என்றேன்.

"கேக்கல!"

"நான் போகமாட்டன்!" என்று கத்தினேன். இந்த நாட்டுக்கு வந்து நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. திறந்த வாயை எனக்கு மூடத் தெரியவில்லை. "எனக்கு ரவாங் வேண்டாம்! அந்த மீன் தொட்டி வேண்டாம்! எனக்கு மைலோ பிடிக்காது! நீலத் துண்டுதான் வேணும்! மீன்கறியில வெண்டிக்காய் போடாதீங்கோ! எனக்கு வெண்டிக்காயக் கண்டாலே குமட்டும்!"

மேலதிகாரி தம் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"வெண்டிக்காயா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. விக்கி விக்கிச் சொன்னேன். இங்கே மீன்கறி என்றாலே முழு வெண்டிக்காய் மிதக்கும். பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாததால், சோற்றில் கை வைத்ததும் அதை முதலில் விழுங்கித் தொலைத்துவிட்டுத்தான் மீனைத் தொடுவேன். தொலைத்து முடிப்பதற்குள் ஆன்டி தட்டில் இன்னும் நாலைப் போட்டுவிடுவார். நானும் விழுங்குவேன். மாதக் கணக்காக இப்படி.

மேலதிகாரி பேனாவை மூடினார். "ரவாங் வேண்டாம். வெண்டிக்காய் வேண்டாம்," என்றார். "எனக்கு இது போதும்." ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். எழுந்து, முகங்கள் வரைந்த அட்டையை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்ற அக்காவின் தோளைத் தொட்டு, "வாம்மா போலாம்," என்றார்.

கார் திரும்பிப் போகும் வரை ஆன்டி வாசலிலேயே நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன். திரும்பியபோது பட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் குரல் உடைந்து, பக்கத்தில் நிற்கிற எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குச் சின்னதாகியிருந்தது.

"மொதல்ல அதத்தான எடுத்துத் திங்கிற," என்றார். "அவ்வளவு ஆசை போலன்னு, பெத்த புள்ளைக்குக்கூட வைக்காம, சட்டியில தேடித் தேடி ஒனக்குத்தானடா போட்டேன், கூறுகெட்டவனே."

"சத்தமா ஏசுங்கோ ஆன்டி," என்றேன்.

ஏசினார்.